ஏரி போட்ஹவுஸுக்குச் சின்னதா சோலார்: பேனல் வாங்கறதுக்கு முன்னாடி ராத்திரிக் கணக்கு போடுங்க

சுங்கை சிப்புட் பக்கம் தூண்டில் போடற காக்கிங்க அதிகம், வெள்ளிக்கிழமை வேல முடிஞ்சா சாமான ஏத்திட்டு லெங்கோங் வழியா கிரிக் போயி பண்டிங் ஜெட்டியில இறங்கி தெமெங்கோர் ஏரிக்குள்ள போயிடுவாங்க. முன்னெல்லாம் வாடகை போட்ஹவுஸ்தான், இப்ப நாலஞ்சு பேரு கூட்டு சேர்ந்து மிதவை ட்ரம் மேல பலகை அடிச்சு, ஜிங் (தகரம்) கூரை போட்டு சொந்தமாவே ஒண்ணு வச்சுக்கறாங்க. அங்க டிஎன்பி (மின்சார வாரியம்) கெரண்டு கிடையாது, ஜென்செட் (ஜெனரேட்டர்) போட்டா தூக்கம் போச்சு, பெட்ரோலும் சும்மா வரல, அதனால எல்லாரும் சோலார் பக்கம் திரும்பிட்டாங்க. என்கிட்ட வர்றவங்க கேக்கற முதல் கேள்வி "எத்தன பேனல்ணே போடணும்?". அத கடைசியிலதான் கேக்கணும். முதல்ல ராத்திரி படகுல என்னென்ன ஓடப்போவுதுன்னு சொல்லுங்க, மத்ததெல்லாம் அதுல இருந்து தானா வந்துடும்.

இது புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு எழுதறது, ஸ்கூல்ல படிச்ச பெருக்கல் வகுத்தல் தெரிஞ்சா போதும். போட் லைசென்ஸ், எங்க கட்டலாம் எங்க கட்டக்கூடாதுங்கறது எல்லாம் இதுல இல்ல, அத அங்க உள்ள அதிகாரிங்க கிட்ட கேட்டுக்கோங்க.

ராத்திரிக் கணக்கு

ஒரு தாள் எடுங்க. ஒவ்வொரு சாமானுக்கும் அது எத்தன வாட், எத்தன மணி நேரம் ஓடும்னு எழுதி பெருக்குங்க, வர்றது வாட்-ஹவர். டிஎன்பி பில்லுல ஒரு யூனிட்னு போடறாங்களே அது 1000 வாட்-ஹவர். அஞ்சாறு பேரு தங்கற படகுக்கு நான் போடற கணக்கு இப்படி இருக்கும்:

எல்இடி லைட் 6, ஒண்ணு 5 வாட், 5 மணி நேரம்: 150
12 வோல்ட் டிசி (பேட்டரியில நேரா ஓடற) காத்தாடி 3, ஒண்ணு 20 வாட், 9 மணி நேரம்: 540
12 வோல்ட் கம்ப்ரஸர் ஐஸ்பெட்டி (ஃபிரிஜ்), 40 லிட்டர் சைஸ், ஒரு நாளைக்கு: 500
போன் 6, ஒண்ணுக்கு 15: 90
தண்ணி பம்ப் 60 வாட், அரை மணி நேரம்: 30
ரேடியோ, ஸ்பீக்கர் 20 வாட், 4 மணி நேரம்: 80

மொத்தம் 1390. வயர்ல கொஞ்சம், பேட்டரி சார்ஜ் ஆகும்போது கொஞ்சம்னு வழியில காணாம போறதுக்கு 20 சதவீதம் சேத்துக்கோங்க, ரவுண்டா 1700 வாட்-ஹவர்.

இந்த லிஸ்ட்ல சண்டை வர்ற இடம் எதுன்னு பாத்தா காத்தாடியும் ஐஸ்பெட்டியும்தான், லைட்ட பத்தி யாரும் கவலைப்பட வேணாம். வீட்டுல இருக்கற 240 வோல்ட் நின்னு சுத்தற காத்தாடி 50, 60 வாட் இழுக்கும், அதே காத்து 12 வோல்ட் டிசி காத்தாடியில 20 வாட்டுக்குள்ள வந்துடும், மூணு காத்தாடி ராத்திரி பூரா ஓடுதுன்னா அந்த வித்தியாசம் ஒரு நாளைக்கு 800ல இருந்து 1100 வாட்-ஹவர் வரைக்கும் வரும், அதுக்கு மட்டும் இன்னொரு பேட்டரி வாங்கணும். ஐஸ்பெட்டி கதையும் அதேதான், வெயில்ல வச்சு, அரை மணிக்கு ஒருதடவ தொறந்து தொறந்து தண்ணி பாட்டில் எடுத்தா 500 எல்லாம் பத்தாது. வீட்டுலயே தண்ணியையும் கறியையும் உறைய வச்சு எடுத்துட்டு வாங்க, ரெண்டு ராத்திரி தங்கறதா இருந்தா நல்ல தடிப்பான ஐஸ் பாக்ஸ் ஒண்ணுலயே வண்டி ஓடிடும், ஐஸ்பெட்டியே வேணாம்.

சூடாக்கற சாமான் எதுவும் இந்த லிஸ்ட்ல வரவே கூடாது. கெட்டில் 2000 வாட், ரைஸ் குக்கர் 500 வாட், ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, எல்லாத்துக்கும் "கேஸ் அடுப்பு இருக்கு"ன்னு ஒரே பதில்தான். ஏர்கோண்ட் கேக்கறவங்களும் உண்டு. ஒரு குதிரைசக்தி ஏர்கோண்ட் ராத்திரி பூரா ஓடுனா சும்மா 5000 வாட்-ஹவர் சாப்பிடும், அது மட்டுமே நீங்க மேல போட்ட கணக்கு மாதிரி மூணு மடங்கு, கூரையும் பத்தாது காசும் பத்தாது. கரோக்கே செட்டு வேணும்னு அடம்பிடிக்கற மாமா ஒருத்தரு எல்லா குரூப்லயும் இருப்பாரு, அவரு கொண்டு வர்ற ஸ்பீக்கர் பின்னாடி எழுதியிருக்கற வாட்ட பாத்து லிஸ்ட்ல சேத்துக்கோங்க, அப்புறம் சண்டை வேணாம்.

எங்க அப்பா காலத்துல தோட்டத்து லயத்துக்கு இஞ்சின் ரூம்ல இருந்துதான் கெரண்டு, சாயந்தரம் போடுவாங்க, ராத்திரி ஒரு நேரத்துக்கு நிப்பாட்டிடுவாங்க, அதுக்குள்ள என்ன வேலன்னு எல்லாருக்கும் மனசுல ஒரு கணக்கு இருக்கும். படகுல தேவைப்படறதும் அந்தக் கணக்குதான்.

பேட்டரி

இப்ப இந்த 1700 வச்சு பேட்டரி பாப்போம். மழை பேஞ்சா ரப்பர் பால் வெட்டு இல்ல, ஆனா வீட்டுல அடுப்பு எரியணும், சோலாரும் அதே மாதிரிதான், மேகம் மூடுன நாளையும் சேத்துதான் பேட்டரி வாங்கணும். ஒரு முழு நாள் 1700, அதுக்கு மேல இன்னொரு ராத்திரிக்கு 1000, மொத்தம் 2700 கையில இருந்தா நிம்மதி.

லிதியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரின்னா 80 சதவீதம் வரைக்கும் தாராளமா எடுக்கலாம், அப்ப 2700-ஐ 0.8-ஆல வகுத்தா 3375. வோல்ட்ட ஆம்ப்-ஹவரால பெருக்குனா வாட்-ஹவர், 12.8 வோல்ட் 100 ஆம்ப்-ஹவர் பேட்டரி ஒண்ணுல 1280 வாட்-ஹவர் இருக்கு, மூணு போட்டா 3840, சரியா இருக்கும். லெட் ஆசிட்னா பாதிக்கு மேல எடுத்தா சீக்கிரம் செத்துடும், அதனால 5400 வாட்-ஹவர் வேணும், அது 450 ஆம்ப்-ஹவர், 100 ஆம்ப்-ஹவர் பேட்டரி அஞ்சு. ஒண்ணு 28, 30 கிலோ வரும். லிதியம்னா ஒண்ணு 10ல இருந்து 13 கிலோதான். தரையில இருந்தா பரவால்ல, மிதக்கற வீட்டுல 140 கிலோவ ஒரு மூலையில வச்சா வீடே சாஞ்சு நிக்கும்லா. அதோட நம்ம ஊரு சூட்டுல லெட் ஆசிட் ஆயுசு ரொம்பக் கம்மி, 10 டிகிரி சூடு ஏறுனா ஆயுசு பாதியாகும்னு ஒரு கணக்கு உண்டு. வாங்கும்போது லிதியம் விலை கசக்கும், ஆனா ரெண்டு தடவ லெட் ஆசிட் மாத்தற காசையும் கூட்டிப் பாத்தா என் ஓட்டு லிதியத்துக்குத்தான்.

லோரி பேட்டரி, கார் பேட்டரி பழசு கெடைக்குதுன்னு யாராவது சொன்னா வேணாம்னுடுங்க. அது இஞ்சின் ஸ்டார்ட் பண்ண சில நொடி பலமா குடுக்கறதுக்குச் செஞ்சது, ராத்திரி பூரா மெதுவா இறக்குனா கொஞ்ச மாசத்துல கதை முடிஞ்சுடும்.

ஆன்லைன்ல வாங்கும்போது எடையப் பாருங்க. 100 ஆம்ப்-ஹவர்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், தூக்குனா 6 கிலோதான் இருக்கும், உள்ள அவ்வளவு செல் இல்லன்னு அர்த்தம். உள்ளுக்குள்ள பிஎம்எஸ்ங்கற பாதுகாப்பு சர்க்யூட் இருக்கான்னு கேளுங்க, அதிகமா சார்ஜ் ஆனாலோ ரொம்ப இறங்குனாலோ அதுதான் வெட்டி விடும். மூணையும் ஒரே பிராண்டா, ஒரே நேரத்துல வாங்கி, தனித்தனியா முழுசா சார்ஜ் பண்ணிட்டு அப்புறம்தான் பேரலல்ல (பாசிட்டிவோட பாசிட்டிவ், நெகட்டிவோட நெகட்டிவ்) சேக்கணும். சேத்த பிறகு பாசிட்டிவ் வயர முதல் பேட்டரியில இருந்தும் நெகட்டிவ் வயர கடைசி பேட்டரியில இருந்தும் எடுங்க, அப்பதான் மூணும் சமமா வேலை செய்யும்.

வைக்கற இடம் கீழ, நடுவுல, மழைத்தண்ணி படாம, காத்து வர்ற மாதிரி. கேஸ் தோம்புக்கும் பெட்ரோல் டாங்கிக்கும் பக்கத்துல வேணாம். லெட் ஆசிட்தான் போடறேன்னு நின்னீங்கன்னா அது சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் கேஸ் விடும், மூடுன பெட்டிக்குள்ள வச்சிட்டு பக்கத்துல உக்காந்து சிகரெட் பத்த வைக்காதீங்க.

இப்பதான் பேனல்

மலேசியாவுல சராசரியா ஒரு நாளைக்கு 4ல இருந்து 5 மணி நேரம் முழு வெயில் கிடைக்கும்னு கணக்கு போடுவாங்க. ஏரிக்கு நான் 3.5 தான் எடுப்பேன். தெமெங்கோர்ல காலையில மூட்டம் லேசுல கலையாது, சுத்தி மலை வேற, மத்தியானத்துக்கு மேல இடி மழை வந்துடும். நம்ம ஊரு கடிகாரத்துக்கு உச்சி வெயிலே ஒரு மணிக்கு மேலதான், அதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

1700-ஐ 3.5-ஆல வகுத்தா 485 வாட். பேனல் சூடான உடனே கொஞ்சம் இழக்கும், 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3, 0.4 சதவீதம் போகும், மத்தியானம் பேனல் 60 டிகிரி தொட்டா 12 சதவீதம் அவுட். அதையும் சேத்தா 550 வாட் கிட்ட வருது. இப்ப கடையில சுலபமா கெடைக்கறது 430 வாட் மாதிரி வீட்டுக் கூரை பேனல், அகலம் 1.1 மீட்டர், நீளம் 1.7 மீட்டர் சொச்சம், எடை 21, 22 கிலோ. ரெண்டு போட்டா 860 வாட். தேவைக்கு மேலதான், ஆனா மேகமா இருக்கற நாளுக்கு அந்த மேல்மிச்சம்தான் காப்பாத்தும், பேட்டரிய விட பேனல்தான் மலிவு, அதனால கை தாராளமா போறதுன்னா இங்க போகட்டும்.

"500 வாட்"னு சொல்லி மடிச்சு பையில வைக்கற சைஸ்ல பேனல் விக்கறாங்க, நம்பாதீங்க. இப்ப உள்ள நல்ல பேனலே ஒரு சதுர மீட்டருக்கு 200, 220 வாட் பக்கம்தான் குடுக்கும், டேப் வச்சு அளந்தா பொய் தெரிஞ்சுடும்.

படகு காத்துக்குத் திரும்பிட்டே இருக்கும், அதனால தெற்கு வடக்குன்னு சாய்ச்சு வைக்கறதுல ஒண்ணும் இல்ல, கிட்டத்தட்ட படுக்க வச்சுடுங்க, மழைத்தண்ணி வழிஞ்சு ஓட 5 டிகிரி சாய்வு போதும். ஜிங் கூரையோட ஒட்ட வைக்காம அலுமினிய ரெயில் போட்டு கீழ 10 சென்டிமீட்டர் காத்து போக இடம் விடுங்க. ஸ்டெயின்லெஸ் போல்ட், லாக் நட், கீழ மரச்சட்டம் வரைக்கும் இறங்கணும், வெறும் ஜிங்க்ல ஸ்க்ரூ அடிச்சு விட்டா ஒரு புயல் காத்துக்கு பேனல் ஏரிக்குள்ள இருக்கும். கூரை மேல இருந்து தண்ணியில குதிக்கற பசங்க இருந்தா ஏணிய அந்தப் பக்கம் வைக்காதீங்க.

நிழல் விஷயத்துல கறாரா இருங்க. கூரை மேல தண்ணி டேங், கம்பம், காயப்போட்ட கைலி, எதோட நிழல் ஒரு மூலையில விழுந்தாலும் அந்த பேனல்ல மூணுல ஒரு பங்கு போயிடும், சிலசமயம் அதுக்கும் மேல. ஏரிக்குள்ள நிக்கற பட்ட மரத்துக்குப் பக்கத்துல கட்டுனாலும் அதேதான்.

சார்ஜ் கன்ட்ரோலர்

பேனல்ல இருந்து வர்ற கெரண்ட பேட்டரிக்கு ஏத்த மாதிரி மாத்தி விடற பெட்டி இது. ரெண்டு வகை, பிடபிள்யூஎம் மலிவு, எம்பிபிடி விலை கூட. இங்க காசு மிச்சம் புடிக்கப் பாத்தா மொத்தமும் வீணாகும், எப்படின்னு பாருங்க. 430 வாட் பேனல் 31 வோல்ட்ல 13 ஆம்ப் சொச்சம் குடுக்கும். பிடபிள்யூஎம் அந்த ஆம்ப அப்படியே பேட்டரி வோல்ட்டுக்கு இறக்கி விட்டுடும், 13 ஆம்ப் பெருக்கல் 13 வோல்ட், 170 வாட் கிட்டதான் உள்ள போவுது, மிச்சம் எல்லாம் போச்சு. எம்பிபிடி அந்த வோல்ட்ட ஆம்பா மாத்திக் குடுக்கும். அதனால இந்த சைஸ் பேனலுக்கு எம்பிபிடி தவிர வேற பேச்சே இல்ல.

சைஸ் எப்படி பாக்கறதுன்னா, பேனல் பின்னாடி ஸ்டிக்கர்ல விஓசின்னு (ஒண்ணும் மாட்டாதப்ப பேனல் காட்டற வோல்ட்) ஒரு நம்பர் இருக்கும், 37 வோல்ட் சொச்சம். ரெண்டு பேனல சீரீஸ்ல (ஒண்ணோட பாசிட்டிவ இன்னொண்ணோட நெகட்டிவ்ல) மாட்டுனா 74, அப்ப 100 வோல்ட் தாங்கற கன்ட்ரோலர் போதும். அந்த வோல்ட் லிமிட்ட தாண்டுனா கன்ட்ரோலர் அங்கயே காலி, அதுல மட்டும் விளையாடாதீங்க. ஆம்ப்புக்கு 860-ஐ 13.6-ஆல வகுங்க, 63 வருது, 60 ஆம்ப் வாங்குங்க. 50 ஆம்ப் போட்டாலும் உச்சி வெயில்ல கொஞ்சம் வெட்டிக்கும், வேற ஒண்ணும் ஆகாது.

மாட்டும்போது முதல்ல பேட்டரி, அப்புறம்தான் பேனல். கழட்டும்போது பேனல் முதல்ல, பேட்டரி கடைசி. வெளிச்சம் பட்டாலே பேனல்ல கெரண்டு இருக்கும், வேலை செய்யும்போது மேல அட்டையோ கேன்வாஸோ போட்டு மூடிக்கோங்க. பேட்டரி வகைய லிதியம்னு செட் பண்ணி, சார்ஜ் 14.2ல இருந்து 14.4 வோல்ட், ஃப்ளோட் (ஃபுல் ஆன பிறகு பிடிச்சு வைக்கற வோல்ட்) 13.5, லெட் ஆசிட்டுக்கான ஈக்வலைஸ் ஆஃப்.

வயரும் ஃப்யூஸும்

12 வோல்ட்ல ஆம்ப் அதிகம், ஆம்ப் அதிகமானா மெல்லிசு வயர் சூடாகும், வோல்ட்டும் வழியிலயே இறங்கிடும். கணக்கு சிம்பிள்: போக வர ரெண்டு வயர் நீளத்தையும் கூட்டி மீட்டர்ல எழுதுங்க, 0.0175-ஆல பெருக்குங்க, வயர் சதுர மில்லிமீட்டர்ல வகுங்க, ஆம்ப்பால பெருக்குங்க, எத்தன வோல்ட் இழக்குதுன்னு வரும். கன்ட்ரோலர்ல இருந்து பேட்டரி 3 மீட்டர் தூரம், 50 ஆம்ப், 6 சதுர மில்லி வயர்னா 0.87 வோல்ட் போச்சு, கன்ட்ரோலர் பேட்டரி ஃபுல்லுன்னு நினைச்சுக்கும், ஃபுல்லே ஆகியிருக்காது. அதே கன்ட்ரோலர பேட்டரிக்கு ஒரு மீட்டர் கிட்ட கொண்டு வந்து 16 சதுர மில்லி போட்டா 0.11 வோல்ட்தான். கூரையில இருந்து கீழ வர்ற பேனல் வயருக்கு அவ்வளவு தடிப்பு வேணாம், சீரீஸ்ல 62 வோல்ட் 13 ஆம்ப்தானே, 8 மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மில்லி சோலார் வயர்ல ஒரு வோல்ட் கூட போகாது. தூரமா போறது பேனல் பக்கம் இருக்கட்டும், பேட்டரி பக்கம் குட்டையா இருக்கட்டும்.

வெள்ளீயம் பூசுன செம்பு வயர் கெடைச்சா வாங்குங்க, ஏரி ஈரத்துல சாதா செம்பு பச்சை பூத்துடும். வயர் முனையில மாட்டற லக் எல்லாம் முறையா க்ரிம்ப் டூல் வச்சு அழுத்துங்க, பிளையர்ல நசுக்கி டேப் சுத்தற வேலை வேணாம், படகு ஆட ஆட லூசாகி அங்கதான் சூடாகும்.

ஃப்யூஸ் இல்லாம ஒரு வயரும் பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து கிளம்பக்கூடாது, ஃப்யூஸும் பேட்டரியில இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கணும். லிதியம் ஷார்ட் ஆனா ஆயிரக்கணக்குல ஆம்ப் பாயும், கரைக்கு ஓடிப்போக வழி இல்லாத இடத்துல பலகை வீடு பத்திக்கிட்டா என்ன பண்றது. கன்ட்ரோலர் வயருக்கு 80 ஆம்ப், பேட்டரி கெரண்ட 240 வோல்ட்டா மாத்தற இன்வெர்ட்டருக்கு 125 ஆம்ப், லைட்டு காத்தாடிக்கெல்லாம் 10 ஆம்ப் ஃப்யூஸ் பாக்ஸ். பிரேக்கர் போடறதா இருந்தா டிசின்னு எழுதியிருக்கணும், வீட்டு கெரண்டுக்கான (ஏசி) பிரேக்கர்ல டிசி பொறி அணையாம நின்னு எரியும்.

இன்வெர்ட்டர் வேணுமா

லேப்டாப், ட்ரில், பிளெண்டர் மாதிரி எதுக்காவது 240 வோல்ட் வேணும்னா ப்யூர் சைன் (வீட்டு கெரண்டு மாதிரியே அலை குடுக்கற வகை) 1000 வாட் ஒண்ணு வைங்க. முழு லோடுல அது பேட்டரியில 90 ஆம்ப் கிட்ட இழுக்கும், அதனால 25 சதுர மில்லி வயர், ரொம்ப குட்டையா. ஒண்ணுமே மாட்டாம சும்மா ஆன்ல இருந்தாலே 10, 15 வாட் தின்னும், ஒரு நாளைக்கு 300 வாட்-ஹவர் கிட்ட போகும், உங்க காத்தாடி கணக்குல பாதி அது. வேலை முடிஞ்சா ஆஃப் பண்ணுங்க. படகுக்குள்ள 240 வோல்ட் பிளக் பாயிண்ட் இழுக்கறதா இருந்தா லைசென்ஸ் உள்ள வயர்மேன் கிட்ட விடுங்க, தண்ணி மேல எர்த், இஎல்சிபி (கெரண்டு கசிஞ்சா வெட்டி விடறது) விஷயம் வீடு மாதிரி கிடையாது.

அவுட்போர்டு இஞ்சின் பேட்டரிய இதோட சேக்காதீங்க, தனியாவே இருக்கட்டும். ராத்திரி பாட்டு கேட்டு பேட்டரி இறங்குனாலும் காலையில இஞ்சின் ஸ்டார்ட் ஆகணும்.

போட்ட பிறகு

லிதியம் பேட்டரியில வோல்ட் பாத்து எவ்வளவு மிச்சம்னு சொல்ல முடியாது, முக்கால்வாசி இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே வோல்ட்தான் காட்டும். ஷண்ட் (நெகட்டிவ் வயர்ல மாட்டி கெரண்ட அளக்கறது) வச்ச பேட்டரி மானிட்டர் ஒண்ணு மாட்டுங்க, உள்ள போனது வெளிய போனது எல்லாம் எண்ணி சதவீதம் காட்டும். முதல் ரெண்டு தடவ தங்கும்போது காலையில எழுந்த உடனே அந்த நம்பர அதே தாள்ல எழுதி வைங்க, நம்ம 1700 சரியா, யாரு காத்தாடிய ரெண்டாம் நம்பர்ல வச்சாங்கன்னு தெரிஞ்சுடும்.

பேனல்ல பறவை எச்சம், இலை, பாசி சேரும், ஏரித் தண்ணியும் மெத்துனு துணியும் போதும், காலையில சூடேறதுக்கு முன்னாடி துடைங்க. போல்ட்டையும் லக்கையும் மூணு மாசத்துக்கு ஒருதடவ முறுக்கிப் பாருங்க.

பழைய ஜென்செட்ட வித்துடாதீங்க. அக்டோபர் நவம்பர்ல மூணு நாள் விடாம ஊத்தும்போது பேனல் ரெண்டும் சேந்து ஐஸ்பெட்டிக்கே திணறும், அப்ப 20 ஆம்ப் லிதியம் சார்ஜர் ஒண்ணு ஜென்செட்ல மாட்டி 3 மணி நேரம் ஓட்டுனா 60 ஆம்ப்-ஹவர் ஏறிடும், ரெண்டு ராத்திரி காத்தாடிய அதுலயே கொஞ்சம் சிக்கனமா ஓட்டலாம். ஜென்செட்ட வெளித்தட்டுல, காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் புகை போற மாதிரி வைங்க, மழைன்னு உள்ள தூக்கிட்டு வராதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே இருக்காது.